கேடயச் சத்தம்

க்னோசோஸைப் பற்றி வாசிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எருதின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். நான் நத்தைகளின் வழியாக நுழைந்தேன். கிரீட் தீவின் வடகரையில் இருக்கும் ஹெராக்லியோன் நகரத்துக்குத் தெற்கே 5 கிலோமீட்டர் போனால் கெஃபாலா என்ற மேடு, அரண்மனை அங்கே. அதற்கு மேற்கே ஒரு வீட்டின் அடித்தள அறைகளை 1979இல் பிரிட்டிஷ் அகழ்வாய்வாளர் பீட்டர் வாரன் தோண்டினார். கி.மு. 1450 வாக்கில் அழிந்த வீடு அது. ஓர் அறையில் பெரிய சாடி. அதற்குள் கருகிய மண், தின்னத் தகுந்த நத்தைகளின் ஓடுகள், கடற்சிப்பிகள், கூடவே ஒரு பிள்ளையின் விரலெலும்புகள், கத்தி பட்ட ஒரு முள்ளெலும்பு. வேறோர் அறையில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புகள் சிதறிக் கிடந்தன. குறைந்தது 4 பிள்ளைகளுடையவை. கணிசமான எலும்புகளில் மெல்லிய கத்தியால் இழுத்த கீறல்கள். மூட்டை அறுத்துப் பிரிப்பதற்காகப் போட்ட வெட்டுகள் என்றால் எலும்பின் முனைகளில் இருக்கும். இவை முனைகளை விட்டு விலகியிருந்தன. சதையை எலும்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். நோய் கண்ட தடயம் ஏதும் அந்த எலும்புகளில் இல்லை. கூடவே ஆட்டெலும்புகளும் இருந்தன, அவற்றிலும் வெட்டு. நத்தையைக் கிரீட்டில் இன்றும் சாப்பிடுகிறார்கள். உப்புத் தூவி ஆலிவ் எண்ணெயில் பொரித்து, வினிகரும் ரோஸ்மேரி இலையும் சேர்ப்பது அங்கே சாதாரண வீட்டுச் சமையல். 3,400 ஆண்டுக்கு முந்தைய சாடியைத் திறந்தால் இன்றைய அடுப்படியின் வாசனை ஒன்று எழுவதும், அதே சாடிக்குள் அந்த விரலெலும்பு கிடப்பதும் ஒன்றாகவே வருகின்றன. எதை எதிலிருந்து பிரித்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உடற்கூற்று அறிஞர் ஜொனதன் மஸ்கிரேவ் முதலானோருடன் சேர்ந்து வாரன் அந்த எலும்புகளைப் பற்றிய அறிக்கையை 1986இல் வெளியிட்டார். அறிக்கை நிதானமானது. எத்தனை எலும்பு, எந்தப் பக்கம், எந்த இடத்தில் கீறல் என்று சொல்லிக்கொண்டே போகிறது. அதை வாசிக்கிற மனம்தான் நிதானமாக இல்லை. பலியா, பலியிட்டு உண்டார்களா என்ற கேள்வி எழுந்த கணத்திலேயே வாசலில் வேறொருவர் வந்து நின்றுவிடுகிறார்: எருதுத் தலையும் மனித உடலும் கொண்ட மினோட்டோர். ஏதென்ஸ் நகரம் ஒன்பது ஆண்டுக்கொருமுறை ஏழு இளைஞர்களையும் ஏழு இளம்பெண்களையும் கிரீட்டுக்குக் கப்பமாக அனுப்பியது, மினோஸ் அரசன் கட்டுவித்த லாபிரிந்த் என்ற புதிர்மாளிகைக்குள் அவர்களை அது தின்றது, ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ் வந்து அதைக் கொன்றான், மினோஸின் மகள் அரியாட்னி கொடுத்த நூலைப் பிடித்து வெளியே வந்தான். இதைத் தெரியாமல் க்னோசோஸுக்குள் போக இப்போது யாராலும் முடியாது. பிள்ளைகளைத் தின்ற வீடு என்று ஏதென்ஸ் சொன்னது. பிள்ளைகளின் எலும்பு கிடைத்துவிட்டது. கணக்கு நேராகிவிட்டது என்று மனம் ஒரு கணம் திருப்திப்படுகிறது. என்னை உறுத்துவது அந்தத் திருப்திதான். நாலு பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், நான் ஒரு கதை சரிபார்க்கப்பட்டதற்காகத் தலையாட்டுகிறேன்.

இத்தனைக்கும் கணக்கு நேராகவே இல்லை. அந்த வீட்டுக்கும் மினோட்டோர் கதை நமக்குத் தெரிந்த வடிவில் எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. ஹோமருக்கு க்னோசோஸ் தெரியும், மினோஸைத் தெரியும், அரியாட்னிக்காகக் கைவினைஞன் டெடலஸ் அங்கே அமைத்த ஆடுகளம் தெரியும். எருதுத் தலையனைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. அவருடைய மினோஸ் ஸியூஸோடு உரையாடுகிறவன், கீழுலகில் இறந்தோருக்கு நீதி சொல்கிறவன். அவனைக் கொடுங்கோலனாக்கியது ஏதென்ஸ். புளூட்டார்க் தீசியஸின் வாழ்க்கையை எழுதும்போது இதைக் கவனித்திருக்கிறார்: பேச்சும் எழுத்தும் கைவந்த ஒரு நகரத்தோடு பகை வைத்துக்கொள்வது ஆபத்தானது, ஏதென்ஸின் நாடக அரங்குகளில் மினோஸ் தொடர்ந்து வசை வாங்கியது அதனால்தான் என்கிறார். அவரே கிரீட்காரர்களின் தரப்பையும் எடுத்துச் சொல்கிறார். அவர்கள் கணக்கில் புதிர்மாளிகை என்பது வெறும் சிறை, தப்பிக்க முடியாது என்பதைத் தவிர அதில் வேறு கொடுமை இல்லை. ஏதென்ஸில் கொல்லப்பட்ட மகன் ஆண்ட்ரோஜியோஸின் நினைவாக மினோஸ் போட்டிகள் நடத்தினான், சிறையிலிருந்த இளைஞர்கள் அதில் வென்றவர்களுக்குப் பரிசு. வென்றவன் டாரஸ் என்ற முரட்டுத் தளபதி. அரிஸ்டாட்டிலின் கருத்தையும் புளூட்டார்க் குறிக்கிறார்: அந்த இளைஞர்கள் கொல்லப்படவில்லை, கூலிக்கு உழைத்தே கிரீட்டில் கிழவர்களானார்கள். இந்தக் கடைசிச் செய்தி என்னை அசைக்கிறது. அரக்கனும் இல்லை, நூலும் இல்லை, வீரனும் இல்லை. பிறர் வயலிலும் பிறர் வீட்டிலும் வேலை செய்து நரைத்துப்போன பதினான்கு பேர். அதை நாடகமாக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஏதென்ஸ் தன் கதையைச் சடங்காகவும் வைத்துக்கொண்டது. தீசியஸ் பிள்ளைகளை மீட்டுக்கொண்டு வந்ததற்கு நன்றிக்கடனாக ஆண்டுதோறும் டெலோஸ் தீவுக்கு ஒரு கப்பல் போகும்; அது திரும்பும்வரை நகரத்தில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக்கூடாது. சாக்ரடீஸ் தீர்ப்புக்குப் பிறகும் சிறையில் பல நாள் உயிரோடிருந்தது இந்தக் கப்பல் தாமதித்ததால். கிரீட்டில் இளைஞர்கள் சாகாமல் தப்பியதைக் கொண்டாடுகிற நகரம், கொண்டாட்டம் முடிந்த கையோடு தன் கிழவனுக்கு நஞ்சு கொடுத்தது. இது சற்றே விலகிப் போகிற பேச்சு. ஆனால் பலி என்ற சொல்லை யாருடைய வாசலில் கொண்டுபோய்ச் சாத்துகிறோம் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கப்பல் எனக்கு நினைவில் வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், பழி சுமந்த ஊரும் சும்மா இருக்கவில்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் க்னோசோஸ் தன் நாணயங்களில் ஓடும் மினோட்டோரை அச்சிட்டது, மறுபக்கத்தில் புதிர்மாளிகையின் கோலம். எதிரி கட்டிய கதையைத் தன் முத்திரையாக எடுத்துக்கொண்டுவிட்டது. அவமானம் அடையாளமாகிற வித்தை பழையது. அந்த ஊர்க்காரர்கள் தாமாகச் சொன்ன கதைக்கு வேறு மரியாதை கிடைத்தது. க்னோசோஸுக்குத் தெற்கே, படுத்திருக்கும் முகம்போல் தெரியும் யூக்தாஸ் மலையில்தான் ஸியூஸ் புதைக்கப்பட்டான் என்று கிரீட்டில் சொல்வார்கள். சாகாத கடவுளுக்குக் கல்லறை காட்டுகிறார்களே, இவர்கள் பொய்யர்கள் என்று கவி காலிமாக்கஸ் பழித்தார். சாகிற கடவுளைப் பற்றி இந்தத் தீவுக்கு என்ன தெரிந்திருந்தது என்று அவர் கேட்கவில்லை.

எருதுக் கதை ஒரு பக்கக் கதவை அடைத்து நிற்கிறது என்றால், மறுபக்கக் கதவை அடைத்து நிற்பது பூக்கள். இவற்றைக் கொண்டுவந்தவர் அரண்மனையைத் தோண்டியெடுத்த ஆர்தர் எவன்ஸ். அவருக்கு முன்னால், 1878இல், ஹெராக்லியோன் வணிகர் ஒருவர் அந்த மேட்டில் தோண்டிப் பெரிய சாடிகள் நின்ற கிடங்குகளைக் கண்டார்; அவர் பெயரும் மினோஸ், மினோஸ் கலோகேரினோஸ். கிடைப்பதையெல்லாம் ஒட்டோமான் அரசு கொண்டுபோய்விடும் என்ற அச்சத்தில் உள்ளூர்ச் சபை தோண்டலை நிறுத்திவிட்டது. அவர் சேர்த்து வைத்திருந்தவை 1898ஆம் ஆண்டுக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தன. எவன்ஸ் நிலத்தை விலைக்கு வாங்கி, 1900 மார்ச் 23ஆம் தேதி வேலையைத் தொடங்கினார். சில வாரங்களுக்குள் அரியணை அறை வெளிவந்தது. ஜிப்சத்தில் செதுக்கிய உயர்ந்த முதுகு கொண்ட இருக்கை, சுவரோரமாகப் பெஞ்சுகள், தரையில் எண்ணெய்ப் பாத்திரங்கள். பால்கன் நாடுகளில் நிருபராக இருந்து ரத்தம் பார்த்தவர் அவர். 1882இல் சிறையிலும் இருந்தவர். கிரீட்டின் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வெட்டிக்கொண்ட வடு ஆறுவதற்குள் அங்கே வந்து, இரு தரப்பாரையும் ஒரே குழியில் வேண்டுமென்றே வேலைக்கு வைத்தார். இப்படிப்பட்டவர் மண்ணுக்குள்ளிருந்து கோட்டைச் சுவரில்லாத, லில்லிப் பூவும் டால்பினும் வரைந்த, பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் உலகத்தை எடுத்தபோது அதைச் சமாதானம் என்று வாசித்ததில் எனக்கு வியப்பில்லை. அவர் ஆசைப்பட்டதை நானும் ஆசைப்படுகிறேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எவன்ஸ் கட்டிய கான்கிரீட்டைத் திட்டுவது எளிது, பலரும் திட்டியாகிவிட்டது. ஜிப்சம் மழையில் கரையும் கல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய மரத் தூண்கள் கருகி மறைந்த இடத்தில் மேல்தளம் மண் செறிவால் மட்டும் தாங்கி நின்றது. பெரும் படிக்கட்டைக் குடைந்தெடுக்க லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் கை தேவைப்பட்டது. முதலில் மரத்தால் முட்டுக்கொடுத்தார்கள், அது உளுத்தது. 1920களில் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் வந்தது. அதுவரை அது காப்பாற்றும் வேலை. அதற்குப் பிறகு, மேலே குறுகாமல் கீழே குறுகும் சிவப்புத் தூண்களும் வண்ணச் சுவர்களும் எழுந்தபோது எங்கே காப்பாற்றுதல் முடிந்து எங்கே கற்பனை தொடங்கியது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. ஓவியங்களை நிரப்பியவர்கள் ஸ்விட்சர்லாந்துக்காரர்களான ஜில்லியரோன் தந்தையும் மகனும். கையளவுத் துண்டு நாலைந்து கிடைத்தால் ஆளுயரச் சித்திரம் தயாராகிவிடும். குங்குமப்பூ கொய்யும் சிறுவன் என்று எவன்ஸ் தந்த புகழ்பெற்ற நீல உருவம் சிறுவனே இல்லை, குரங்கு. அவர் இறந்த பிறகு நிக்கோலாஸ் பிளாட்டன் திருத்தினார். லில்லி இளவரசனின் மார்பும் முடியும் காலும் ஒரே ஆளுடையவைதானா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஒரு குரங்கைப் பார்த்த இடத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்தார்கள் என்பது வேடிக்கைச் செய்தியாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பூப்பறிக்கும் பிள்ளை அங்கே இருந்தாக வேண்டும் என்று விரும்பிய கண்ணுக்கு, அறுபடும் பிள்ளை பக்கத்து வீட்டில் கிடந்திருந்தால் தெரிந்திருக்குமா?

எவன்ஸுக்கும் எருது ஒருமுறை குரல் கொடுத்தது. 1926 ஜூன் 26 இரவு, க்னோசோஸில் தனக்குக் கட்டிக்கொண்ட வில்லா அரியாட்னியில் படுத்து வாசித்துக்கொண்டிருந்தபோது நிலநடுக்கம் வந்தது. பொருள்கள் உருண்டன, சுவர்கள் முனகின, தரைக்குள்ளிருந்து அடைபட்ட எருதொன்றின் கோபக் குமுறல்போல் ஒலி எழுந்ததாகப் பிறகு எழுதினார். அரண்மனை பலமுறை இடிந்து கட்டப்பட்டதற்கும், அங்கே எருது பலி கொடுத்ததற்கும், தீவின் அடியில் கிடக்கும் மிருகம் பற்றிய அச்சத்துக்கும் ஒரே இரவில் அவருக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. விளக்கம் அழகானது. கொஞ்சம் கூடுதலாகவே அழகானது. தன் உடம்பு நடுங்கிய நேரத்தில் கேட்ட சத்தத்துக்குப் புராணம் தந்த உருவத்தையே அவர் போட்டார். நானாக இருந்தாலும் அதையே போட்டிருப்பேன், ஏனென்றால் அந்த ஒலியைக் கேட்க வேறு காது எனக்கு வாய்க்கவில்லை.

வாரன் அந்த வீட்டைத் தோண்டிய அதே 1979இல், யூக்தாஸ் மலையின் வடக்குச் சரிவில் அனெமோஸ்பிலியா என்ற இடத்தில் யானிஸ் சகெலராகிஸும் எஃபி சபூனா சகெலராகியும் ஒரு சிறு கோயிலை வெளியே எடுத்தார்கள். மூன்று அறை, முன்னால் ஒரு தாழ்வாரம். கி.மு. 1700 வாக்கில் நிலநடுக்கத்தில் கூரை விழுந்து தீப்பிடித்த கட்டடம். நடு அறையில் களிமண்ணாலான இரண்டு பாதங்கள்; அவற்றின்மேல் நின்ற மரச்சிலை எரிந்துபோயிருக்க வேண்டும். மேற்கு அறையில் மூன்று பேர். ஒரு மேடைமேல் சுமார் 18 வயது இளைஞன், பக்கவாட்டில் ஒடுங்கிய நிலையில், கால்கள் பின்னால் மடிந்து. அவன்மேல் 40 சென்டிமீட்டருக்கும் நீளமான வெண்கல அலகு, அதில் விலங்கு முகம் ஒன்று கீறியிருந்தது. பக்கத்தில் உயரமான ஓர் ஆண், விரலில் மோதிரம். மூலையில் ஒரு பெண். தாழ்வாரத்தில் நாலாவது ஆள், கையிலிருந்த கலம் நொறுங்கிக் கிடந்தது. இளைஞனின் எலும்புகள் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் இருந்தன. ரத்தம் வடிந்த பாதி வெளுத்தும் ரத்தம் தங்கிய பாதி கறுத்தும் எரியும். எனவே கூரை விழும்போது அவன் ஏற்கெனவே ரத்தம் இழந்துகொண்டிருந்தான் என்பது சகெலராகிஸ் தம்பதியின் வாசிப்பு. நிலநடுக்கத்தை நிறுத்தக் கொடுத்த பலியின் நடுவில் நிலநடுக்கமே வந்து எல்லாரையும் மூடிவிட்டது. 1981 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ அதை வெளியிட்டபோது உலகம் வாய்பிளந்து வாசித்தது. மறுப்புகளும் வந்தன. அலகு ஈட்டிமுனையாக இருக்கலாம், மேலிருந்து விழுந்திருக்கலாம். மேடை பலிமேடை என்பதற்குச் சான்று போதாது. நெருப்பில் எலும்பு நிறம் மாறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1991இல் டென்னிஸ் ஹியூஸ் பழைய கிரேக்கத்தின் நரபலிச் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்து, க்னோசோஸ் பிள்ளைகளின் எலும்பும் இறந்த பிறகு சதை நீக்கி மறுபடி அடக்கம் செய்யும் வழக்கத்தின் தடயமாக இருக்கலாம் என்றார்.

ஹியூஸை வாசித்தபோது எனக்கு மூச்சு லேசானது. கிரேக்கக் கிராமங்களில் புதைத்துச் சில ஆண்டு கழித்து எலும்பைத் தோண்டியெடுத்துத் திராட்சை மதுவால் கழுவி, துணியில் கட்டிப் பெட்டிக்குள் வைக்கும் வழக்கம் உண்டு; தாயே மகனின் மண்டையோட்டைக் கையில் வாங்குவாள். அந்தக் கையை 3,400 ஆண்டு பின்னுக்குக் கொண்டுபோய் அந்த அடித்தள அறையில் வைத்துப் பார்த்தேன். கீறல் ஒவ்வொன்றும் அன்பின் தடயமாகிவிட்டது. அப்புறம்தான் தோன்றியது, இதுவும் எவன்ஸின் பூக்கள்தானே என்று. கிராமத்தில் எலும்பைக் கழுவுவது சதை தானாக மக்கிய பிறகு. கத்திக்கு அங்கே வேலை இல்லை. மேசரா சமவெளியின் வட்டக் கல்லறைகளில் எலும்புகளை ஒதுக்கி அடுக்கியிருக்கிறார்கள், ஆனால் கத்தியால் சதை நீக்கியதற்கு அந்தத் தீவில் இணை கிடைப்பது அரிது. ஆட்டெலும்புகள் ஏன் கூடவே கிடக்கின்றன, விரலெலும்பு ஏன் நத்தைச் சாடிக்குள் போனது என்பதற்கு அடக்கம் என்ற விடை சரியாகப் பொருந்தவில்லை. பலி என்ற விடை பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதாலேயே அதை நான் நம்ப மறுக்கிறேன்; அந்த அச்சைச் செய்து கொடுத்தது ஏதென்ஸ். பஞ்சம், முற்றுகை, வீட்டைச் சுற்றித் தீவே எரிந்துகொண்டிருந்த ஒரு பருவம் என்ற விடையை யோசித்தால் அங்கே சடங்கும் இல்லை, தெய்வமும் இல்லை, பசி மட்டும்தான் மிஞ்சுகிறது. கி.மு. 1450ஐ ஒட்டிக் கிரீட்டின் பெரிய மாளிகைகள் ஏறக்குறைய எல்லாமே வீழ்ந்தன என்பதை நினைத்தால் இதையும் தள்ள முடியவில்லை. மூன்றில் எதை எடுத்தாலும் எடுக்கும் கை என்னுடையது என்பது மட்டும் உறுதியாகத் தெரிகிறது.

இந்தத் தீவின் இன்னொரு கதையில் ஒரு குழந்தையை மறைத்து வைக்கிறார்கள். பிறந்த பிள்ளைகளையெல்லாம் விழுங்குகிற குரோனோஸிடமிருந்து ஸியூஸைக் காப்பாற்றத் தாய் ரேயா அவனைக் கிரீட்டின் மலைக் குகைக்குக் கொண்டுவருகிறாள். குழந்தை அழுதால் அப்பனுக்குக் கேட்டுவிடும். எனவே கூரேட்டீஸ் என்ற இளம் வீரர்கள் குகை வாசலில் நின்று ஈட்டியால் கேடயத்தை அடித்து ஆடுகிறார்கள். சத்தம் பெரிதாக இருக்கும்வரை குழந்தை பிழைத்திருக்கும். சிறுவயதில் வாசித்தபோது எனக்கு இது காப்பாற்றுகிற கதை. இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றி எத்தனை கேடயம் அடிபட்டிருக்கிறது: ஏதென்ஸ் அடித்தது, எவன்ஸ் அடித்தார், மறுத்தவர்கள் அடித்தார்கள், இதோ நானும். உள்ளே அழுகை இருந்ததா என்பதே கேட்கவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டால் கேட்குமா என்றால், அதற்கும் ஆமாம் என்று சொல்லத் துணிவில்லை. எலும்பு தானாகப் பேசாது. எத்தனையாவது எலும்பு, எந்தப் பக்கக் கீறல் என்று அறிக்கை எண்ணுவதும் ஒரு வகைப் பேச்சுதான், ஓசை குறைந்த பேச்சு.

ஓசை குறைந்த வேறொரு பேச்சும் க்னோசோஸில் கிடைத்தது. எவன்ஸ் முதல் பருவத்திலேயே எடுத்த களிமண் பலகைகள், லீனியர் பி எழுத்தில் எழுதியவை. மொத்தம் மூவாயிரத்துக்கும் மேல். அன்றாடக் கணக்குகளைச் சுடாத களிமண்ணில் எழுதி, ஆண்டு முடிந்ததும் பிசைந்து மறுபடி பயன்படுத்துவார்கள் போலிருக்கிறது. அரண்மனையைக் கடைசியாக எரித்த தீ அவற்றைச் சுட்டுக் கெட்டியாக்கிவிட்டது. எரிக்க வந்தவன் தனக்குத் தெரியாமலே ஆவணக் காப்பாளனாகிவிட்டான். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்தபோது மொழி கிரேக்கம் என்று தெரிந்தது. க்னோசோஸின் கடைசிக் கட்டத்தில் பெருநிலத்திலிருந்து வந்தவர்களின் ஆட்சி அங்கே நடந்திருக்கிறது. வீரகாவியம் எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஆடுகள், ஏறத்தாழ ஒரு லட்சம் ஆடுகள். எந்த மேய்ப்பனிடம் எத்தனை, எவ்வளவு கம்பளி குறைகிறது. எண்ணெய், கொத்தமல்லி, தேர்ச் சக்கரம். இவற்றுக்கு நடுவே ஒரு சிறு பலகையில் இரண்டு வரி: எல்லாத் தெய்வங்களுக்கும் சேர்த்து ஒரு சாடி தேன், லாபிரிந்தின் தலைவிக்கு ஒரு சாடி தேன். பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் வாசிப்பு இது. புதிர்மாளிகைக்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றில் அரக்கன் இல்லை, ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளைகள் அனுப்பப்படவில்லை, தேன் அனுப்பப்பட்டது. மற்ற எல்லாத் தெய்வங்களுக்கும் சமமாக அவள் ஒருத்திக்கு. எழுதிய கணக்கனுக்கு அவள் யாரென்று விளக்கத் தோன்றவில்லை, அவனுக்குத்தான் தெரியுமே.

கணக்கனை நான் கதைசொல்லிகளைவிட அதிகம் நம்புகிறேன், காரணம் அவன் என்னை நம்பவைக்க முயலவில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. தேனை எழுதியவன் பலியைக் கணக்கில் எழுதாமல் விட்டிருக்கலாம். அவன் வாழ்ந்தது அந்த வீடு அழிந்த பிறகு, அவன் மொழி அந்த வீட்டார் மொழியாக இருக்கவும் வாய்ப்பில்லை. அந்த வீட்டார் காலத்து எழுத்து லீனியர் ஏ. அதில் எண்களைப் படிக்கிறோம், கூட்டுத்தொகை எங்கே வருகிறது என்று தெரிகிறது, பலவற்றை ஒலித்துப் பார்க்கவும் முடிகிறது, சொல்லப்படுவது புரிவதில்லை. ஒருநாள் அது பிடிபட்டாலும் அத்திப்பழமும் மதுவும் கம்பளியுமே பெரும்பாலும் வெளிவரும் என்று நினைக்கிறேன்.

அதற்குள் புதிர்மாளிகைகள் பெருகிக்கொண்டே போகின்றன. தெற்கே கோர்டின் அருகே உள்ள பழைய கற்சுரங்கத்தைத்தான் நூற்றாண்டுக் கணக்கில் பயணிகளுக்கு மினோட்டோரின் வீடு என்று தீப்பந்தம் பிடித்துக் காட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் அதில் வெடிமருந்து அடுக்கினார்கள். 2024இல் காஸ்டெல்லியில் புதிய விமான நிலையத்துக்கு ரேடார் வைக்கப் பாப்பூரா குன்றின் உச்சியைச் சீராக்கியபோது 48 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கட்டடம் வெளிவந்தது, ஒன்றுக்குள் ஒன்றாக எட்டுக் கல்வளையம். கி.மு. 2000க்கும் 1700க்கும் இடைப்பட்ட காலம் என்கிறார்கள். தோண்டி முடிப்பதற்குள் செய்தித் தலைப்புகளில் லாபிரிந்த் வந்துவிட்டது.

நான் இப்போதெல்லாம் திரும்பிப் போவது க்னோசோஸ் பலகைகளில் ஒரு சிறு தொகுதிக்கு. உழவுமாடுகளை ஜோடி ஜோடியாகப் பதிந்தவை; வேலைக்காரர்கள் என்ற சொல்லை அந்த மாடுகளுக்குப் போட்டிருக்கிறான் கணக்கன். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு: புள்ளி, காரி, வெள்ளைக்காலன், செவலை, மது நிறத்தான் என்று பொருள்படுகிற கிரேக்கப் பெயர்கள். எருதின்மேல் மினோஸின் மனைவி பசிஃபே கொண்ட காதலும் அவளுக்காக டெடலஸ் செய்த மரப்பசுவும் எருதுமேல் பாய்ந்து குட்டிக்கரணம் அடிக்கும் இளைஞர்களும் இருந்த அதே மண்ணில் இவையும் இருந்தன, கழுத்தில் நுகத்தோடு. யார் ஓட்டினார்கள் என்பதும் சில பலகைகளில் இருக்கிறது. ஓட்டியவன் உள்ளூர்க்காரன் என்றால், அரண்மனை வாசலில் கணக்குக் கொடுக்கும்போது காரி என்று கிரேக்கத்தில் சொல்லிவிட்டு, வயலுக்குப் போனதும் அதைத் தன் பாட்டி மொழியில் வேறு பெயர் சொல்லி அதட்டியிருப்பானா என்று கேட்டுக்கொள்கிறேன். அதட்டியிருந்தால் மாடு எந்தப் பெயருக்குத் திரும்பியிருக்கும்?